கனகம் செத்தாளா, இல்லையா

1982.03.14 – மூன்று பேண்ட் ரேடியோ – ரூ. 780
1987.11.07 – கேசட் ரெக்கார்டர் (பழையது) – ரூ. 1,450
1988 முதல் 2004 வரை – கேசட்டுகள் – ரூ. 9,315
2006.04.09 – சீடி பிளேயர் – ரூ. 4,900
2019.12.28 – கைபேசி – ரூ. 17,500
தியேட்டர் டிக்கெட் – இல்லை

கஹவத்தைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் வசிக்கும் அழகமுத்து, சினிமாவுக்கென்று இதுவரை செலவழித்தது இவ்வளவுதான். கடைசி வரியை வைத்து ஆளைக் கஞ்சன் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அவர் படத்தின் இசையைக் கேட்பார். படத்தைப் பார்க்க மாட்டார். அதற்கு ஒரு தத்துவமும் வைத்திருந்தார்.

“கண்ணு பெரிய வாயாடிங்க. அது பேச ஆரம்பிச்சிச்சின்னா காதுக்கு ஒண்ணுமே வெளங்காது.”

தத்துவத்துக்கு முன்னால் ஒரு சம்பவம் நடந்தது என்பது அவருடைய மனைவி புஷ்பத்துக்குத்தான் தெரியும். கல்யாணமான புதிதில், லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து லயத்துக்கு முதன்முதலாக டீவி வந்தது. அழகமுத்து உயிரையே வைத்திருந்த ஒரு பாட்டு அன்றைக்கு அதில் போனது. ரேடியோவில் அதைக் கேட்கும்போதெல்லாம், பனி மூடிய பங்களா மலையில் ஒருத்தி தனியாக நின்று பாடுவதாக அவர் நினைத்திருந்தார். டீவியிலோ அவள் சிவப்புக் கவுன் போட்டு, குடம் தூக்கிய பெண்கள் கூட்டத்துக்கு நடுவே குதித்துக்கொண்டிருந்தாள். கதாநாயகன் தென்னைமரத்திலிருந்து சறுக்கி இறங்கினான். அழகமுத்து பாதியில் எழுந்து வந்துவிட்டார்.

“அன்னைக்குச் சோறு திங்கல. பொண்டாட்டி ஓடிப்போனவன் மாதிரி குந்திக்கிட்டு இருந்தாரு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன்” என்று புஷ்பம் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அதற்குப் பிறகு, காதால் அறிந்த எந்தப் படத்தையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு படத்தை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, வசனமும் இசையுமாக வானொலியில் போடுவார்களே, ஒலிச்சித்திரம், அது அவருக்குப் போதும். காட்சிகளை அவரே மனதுக்குள் எடுத்துக்கொள்வார். ஸ்டோர் என்று தோட்டத்தில் சொல்லப்படும் தேயிலைத் தொழிற்சாலையில்தான் அவர் ஓய்வு பெறும்வரை வேலை செய்தார். அங்கே மேலதிகாரியாக இருந்த டீமேக்கரின் முகம்தான் அவருடைய படங்களில் எல்லா வில்லனுக்கும்.

பார்க்கவில்லையே தவிர, அபிப்பிராயத்துக்குக் குறைவில்லை. சனிக்கிழமை மாலையானால் கஹவத்தை பஸாரில் ஜனார்த்தனனின் போன் திருத்தும் கடைக்கு வந்துவிடுவார். பக்கத்துத் தையல் கடை பஸீஹாவும் மெஷினை நிறுத்திவிட்டு வந்து சேர்ந்துகொள்வார். எந்தப் படத்துக்கு எவர் போட்ட இசை படத்தைக் காப்பாற்றியது, எந்த இசையைப் படம் கெடுத்தது என்று கடை மூடும்வரை வாதம் நடக்கும்.

ஆனாலும் அவருக்கு வாய்த்த சரியான எதிரி தெரணியகலையில் இருந்தார். பெயர் ஐயாவு. ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். அழகமுத்துவை விட மூன்று வயது மூத்தவர். இருவரும் ஒரே வானொலி நிகழ்ச்சிக்குத் தபாலட்டை எழுதி ஊர்ப்பெயரோடு பிரபலமானவர்கள். 1986இல் ஒரு படத்தின் பின்னணி இசையில் வயலின் அதிகம் என்று கஹவத்தை அழகமுத்து எழுதினார். வயலின் போதாது என்று மறுவாரம் தெரணியகலை ஐயாவு எழுதினார். சில வாரம் பொறுமையாக வாசித்துப் பார்த்த அறிவிப்பாளர், நேயர்கள் இருவரும் தயவுசெய்து ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளவும் என்று சொல்லி, இரண்டு முகவரிகளையும் வாசித்துத் தம்மைக் காப்பாற்றிக்கொண்டார்.

அன்று தொடங்கியது கடிதப் போர். ஐயாவு படம் பார்க்கிறவர். அவிசாவளைக்கு பஸ் ஏறிப் போய் தியேட்டரில் பார்ப்பார். “நான் கண்ணால் கண்டவன், நீ காதால் கேட்டவன்” என்ற வரி இல்லாமல் அவர் கடிதம் முடியாது. நேரில் சந்தித்தது மூன்று தடவை. மூன்றும் கல்யாண வீடு. லவுட்ஸ்பீக்கர் சத்தத்தில் சண்டை போட முடியவில்லை. ஊரெல்லாம் போன் வந்த பிறகும் ஐயாவு அதைத் தொடவில்லை. போனில் சண்டை பிடித்தால் பதில் யோசிக்க ஒரு வாரம் கிடைக்காது என்பது அவர் நியாயம்.

இருவரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்டது ஒரே ஒரு இசையைத்தான். ‘பரிசல்துறை’ என்ற படத்தின் கடைசியில் வரும் புல்லாங்குழல். அழகமுத்து பதிவுசெய்து அனுப்பிய கேசட்டைக் கேட்டுவிட்டு, “இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மன்னிக்கவும்” என்று ஐயாவு எழுதினார்.

ஒலிச்சித்திரத்தில் அது இப்படி வரும். பரிசல்காரனின் மகள் கனகம் காய்ச்சலில் கிடக்கிறாள். வைத்தியர் வந்து பார்த்துப் போகிறார். யாரோ இருமுகிறார்கள். பிறகு மூங்கில் முறுகும் சத்தம். அதற்கு மேலே குழல், குழல் மட்டும். கடைசியில் ஒரு மணிச்சத்தம். அவ்வளவுதான். அழகமுத்துவுக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாக விளங்கிவிட்டது. கனகம் செத்துவிட்டாள். மூங்கில் முறுகுவது பாடை கட்டுவதால். மணி, சுடுகாட்டுக்கு முன்னால் போகும் சேகண்டி.

1988இல் அவருடைய தாயார் இறந்தபோது, தூக்கும் நேரத்தில் அந்தக் குழலைப் போட்டார். தப்பு அடித்தவர்கள் தாமாகவே கையை நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த சாவு வீட்டிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள். பிறகு கீழ்ப் பிரிவில் அதுவே வழக்கமாகிவிட்டது. ஆளைத் தூக்கும்போது தப்பு நிற்கும், குழல் வரும், குழல் முடிந்த பிறகுதான் பாடை லயத்து வாசலைத் தாண்டும். கேசட் போய் சீடி வந்து, சீடி போய் பென் டிரைவ் வந்தும் குழல் மாறவில்லை.

2024 ஆகஸ்டில் அப்படி ஒரு சாவு வீட்டுக்குப் போய்வந்ததை எழுதும்போது, “கனகம் சாகும் இடத்தில் வரும் நம்முடைய குழல்” என்று அழகமுத்து போகிறபோக்கில் குறிப்பிட்டார். பதில் வந்தது.

“யார் செத்தது? கனகத்துக்குக் காய்ச்சல் விட்டு, எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போடுகிறாள். அவிசாவளையில் நான் கண்ணால் கண்டது. அந்தப் படத்தில் யாரும் சாகவில்லை. தம்பி, நீ எதைப் போட்டுப் பிணம் தூக்குகிறாய்?”

அழகமுத்து கண்ணாடியோடு இரண்டு தரமும், நம்பாமல் கண்ணாடியைக் கழற்றி ஒரு தரமும் வாசித்தார். இத்தனை வருடமும் தூக்கிய முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியாகத் தாயார் வந்தார்.

“புஷ்பம், எங்கம்மாவ டூயட்டு போட்டா அனுப்பிட்டேன்?”

“போட்டிருந்தாத்தான் என்னா. அத்தைக்கு டூயட்டுன்னா உசுரு. சாப்பிட வாங்க.”

“வெளையாடாத. நாலு பேருக்குத் தெரிஞ்சா, இனி எவன் வீட்டு எழவுக்கு நான் போறது? மொகத்தப் பாத்தே சிரிப்பானுங்க.”

“இப்பவும் அப்பிடித்தானே” என்று சொல்லிவிட்டு, அவர் முகம் உண்மையாகவே வாடியிருப்பதைக் கண்டு புஷ்பம் சோற்றை அங்கேயே கொண்டுவந்து வைத்தார்.

முழுப் படத்தையும் ஜனார்த்தனன் இணையத்தில் தேடிப் பிடித்தார். கடை டீவியில் போட்டுப் பார்த்து ஒரு முடிவுக்கு வருவோம் என்றார். ஐயாவுக்குக் கடிதம் போனது. செப்டெம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, இரத்தினபுரியில் பஸ் மாறி அவரும் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கையில் குடை, முகத்தில் வெற்றி. புஷ்பமும் பஸீஹாவும் முன்பே கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அழகமுத்து கொள்கையை விடவில்லை. டீவிக்கு முதுகைக் காட்டி ஸ்டூலைப் போட்டு, பார்க்கிறவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

“அங்கிட்டு பாருய்யா, படம் அங்க ஓடுது” என்றார் ஐயாவு.

“நீங்க பாருங்கண்ணே. நான் ஒங்க மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சிக்கிறேன்.”

“என் மூஞ்சில என்னா டைட்டிலா போடுது?”

படம் போனது. காய்ச்சல் வந்தது, வைத்தியர் வந்து போனார். ஐயாவு தொடையில் தட்டினார். “இந்தா, எந்திரிச்சிட்டா! வைக்கோல் போடுறா! எங்கய்யா ஒன் பாடை?”

ஆனால் அதற்குப் பிறகு ஐயாவு தொடையில் தட்டவே இல்லை. மெல்ல முன்னால் சாய்ந்தார். குடையைக் கீழே வைத்தார். பஸீஹாவுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது.

“அண்ணன், இனி என்ன நடக்கும்?”

“பொறுமையா பாரும்மா.”

“நீங்க பாத்த படம்தானே, சொல்லுங்களேன். எனக்கு மனசு திக்குத் திக்குங்குது.”

“அதான் பாக்குறோமே.”

“என்னாண்ணே இது,” என்றார் புஷ்பம், “பாத்த படத்துக்கா இப்பிடி வாயப் பொளந்துக்கிட்டு இருக்கீங்க?”

ஜனார்த்தனன் படத்தை நிறுத்திவிட்டார். எல்லோரும் ஐயாவுவைப் பார்த்தார்கள். அவர் குடையை மறுபடி எடுத்து அதன் பிடியைத் துடைத்தார்.

“எட்டரைக்குக் கடைசி பஸ்ஸுமா” என்றார்.

“இந்தப் படத்துக்கு மட்டுமா?” என்றார் ஜனார்த்தனன்.

“ஆறு மணி ஷோதானே போக ஏலும். தெரணியகலைக்கு எட்டரைக்கு அப்புறம் பஸ் இல்ல. எல்லாப் படமும் எட்டேகால் வரைக்குந்தான்.”

அழகமுத்து ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டார். “இத்தன வருசமா முடிவே பாக்காத ஆளுகிட்டயா நான் சண்ட போட்டேன்?”

“நீ ஆரம்பமே பாக்காத ஆளு. குந்து.”

பஸீஹா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரிப்பு அடங்கியதும் ஜனார்த்தனன் படத்தை ஓடவிட்டார்.

இருமல் கேட்டது. மூங்கில் முறுகியது. குழல் தொடங்கியது. அழகமுத்து எதிரேயிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பஸீஹா சிரிப்பதை மறந்திருந்தார். ஐயாவுவின் தாடை ஆடியது. புஷ்பத்தின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அழகமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“செத்துட்டா, என்னா?”

“இல்லீங்க.”

“அப்ப ஏன் அழுவுற?”

“கட்டிக் குடுத்துட்டாங்கங்க. அப்பன்காரனே பரிசல்ல வச்சு அந்தக் கரைக்கு அனுப்புறான். அவ வளத்த கன்னுக்குட்டி இந்தக் கரையில நிக்குது. அதுங் கழுத்து மணிதான் அது.”

வானொலிக்காரர்கள் நேரம் போதாமல் கல்யாணத்தையே வெட்டியிருந்தார்கள். முறுகியது பரிசல். இருமியது பரிசல்காரக் கிழவன். அழகமுத்துவின் கழுத்து அரைவாசி திரும்பியது. அதற்குள் திரையில் ‘வணக்கம்’ வந்துவிட்டது.

பஸாரில் ஜனார்த்தனனுக்குத் தெரிந்தது திங்கட்கிழமை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கொழுந்து நிறுத்துப் போட வந்த பெண்கள் அவரைக் கண்டதும், “மாமா, எங்க மக கல்யாணத்துக்கும் வாங்க. கொழல் மட்டும் கொண்டு வாங்க, பாடை வேணாம்” என்று கூப்பிட்டுச் சொன்னார்கள். அழகமுத்து சிரித்து வைத்தார். வீட்டுக்கு வந்து பென் டிரைவைத் தகரப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். இனி எந்தச் சாவு வீட்டுக்கும் அது போகாது என்று புஷ்பத்திடம் சொன்னார். தாயாருக்குச் செய்தது சரியா பிழையா என்று இனி யாரிடம் கேட்பது என்பதுதான் அவர் மனதை அறுத்தது.

அக்டோபர் கடைசியில் மேல் லயத்துப் பழனிமுத்துவின் தாயார் இறந்தார். பழனிமுத்து விடிந்ததும் வாசலில் வந்து நின்றார்.

“மாமா, பத்து மணிக்குத் தூக்குறோம். வந்துருங்க.”

“வாறேன்யா. கொழல் மட்டும் வேணாம். அது கல்யாணத்துக்குப் போட்டது. ஒனக்கும் தெரியுமே.”

“தெரியும் மாமா. நானும் சிரிச்சேன். அதுக்கு என்னா இப்ப? எங்கப்பாவுக்கு அதத்தானே போட்டீங்க. அம்மாவ மட்டும் வேற ஏதாச்சும் போட்டு அனுப்பினா, அங்க போய் ரெண்டு பேத்துக்கும் சண்டதான் வரும். உசுரோட இருக்கையிலயே அவுங்களுக்கு ஒத்துப் போகல.”

அழகமுத்து பெட்டியைத் திறந்தார்.

தூக்கும் நேரத்தில் தப்பு நின்றது. குழல் தொடங்கியதும் எங்காவது ஒரு சிரிப்பு வருமோ என்று அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கல்யாணத்துக்குக் கூப்பிட்ட பெண்கள்தான் முன்வரிசையில் நின்றார்கள். அவர்களுடைய முகங்கள் அன்றைக்குக் கடையில் பார்த்த முகங்களைப் போலத்தான் இருந்தன. மணி அடித்தது. பாடை வாசலைத் தாண்டியது.

நடந்ததையெல்லாம் ஐயாவுக்கு எழுதி, “அண்ணே, நான் செய்தது சரியா? இது ஒன்றுக்கு மட்டும் சண்டை போடாமல் பதில் சொல்லுங்கள்” என்று முடித்தார்.

பதில் வழக்கத்தை விடத் தாமதித்தது.

“தம்பி, படத்தை மகள் இன்னும் இரண்டு தரம் போட்டுக் காட்டினாள். முடிவு வரைக்கும் பார்த்தேன். பெண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்பும் இடத்துக்கு அவ்வளவு பாரமான குழல் கூடாது. தூரத்தில் ஒரு மேளம் கேட்டால் போதும். இசையமைத்தவர் சரியான இசையைப் பிழையான இடத்தில் போட்டுவிட்டார். நீ எடுத்து, போடவேண்டிய இடத்தில் போட்டாய். பிழை படத்தின் மேல்தான். அம்மாவைச் சரியாகத்தான் அனுப்பியிருக்கிறாய். தொடர்ந்து போடு. மகள் லோஜினி எனக்கும் ஒரு போன் வாங்கித் தந்துவிட்டாள். இனிமேல் எழுதப் போவதில்லை. போனில் குரலைப் பதிந்துதான் அனுப்புவேன், தப்ப முடியாது.”

அம்மாவைப் பற்றிய வரியை அழகமுத்து புஷ்பத்துக்கு உரக்க வாசித்துக் காட்டினார். பிறகு மறுபடி மேலே போய், “மேளமா? அந்த எடத்துலயா? இந்த மனுசனுக்குக் காது இருக்கா?” என்று கோபத்தோடு பேனாவைத் தேடினார். புஷ்பம் கைபேசியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

ஐயாவுவின் அந்தக் கடைசிக் கடிதம் தோட்டத்து ஆபீஸுக்கு வந்து சேர்ந்தது 2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அவருடைய குரல்தான்.