புதருக்குள்ளிருந்து வந்த சீழ்க்கை

கல்யாணமான புதிதில், நடவு வேலை ஓய்ந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் எலவனாசூர்கோட்டையிலிருந்து கல்வராயன் மலைக்குக் கடுக்காய் பொறுக்கப் போவோம். காட்டுக்குள் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. அங்கே பெயர் காதில் விழுந்தால் கூப்பிடுவது மனுஷன் இல்லை, திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட வேண்டும் என்பார்கள். அதனால் எல்லாவற்றுக்கும் சீழ்க்கைதான். பொம்பளை சீழ்க்கையடித்தால் கீழே ஊரில் வாயைக் கிழிப்பார்கள். மலையில் மட்டும் நான் நினைத்தபோதெல்லாம் அடிப்பேன், அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அந்தக் கார்த்திகையில் மழை விட்ட பிறகும் மரங்கள் சொட்டிக்கொண்டே இருந்தன. ஓடைக்கு அந்தப் பக்கம் அவர் பொறுக்கினார், இந்தப் பக்கம் நான். உச்சிப்பொழுதிலேயே மூட்டம் இறங்கி, பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. மேலேயிருந்து சீழ்க்கை கேட்டது. போனேன். இன்னும் மேலே கேட்டது. விளையாட இதுதான் நேரமா என்று திட்டிக்கொண்டே ஏறினேன். பாறை விளிம்பில் கறுப்பாக ஒரு பறவை, தோளில் மட்டும் பளிச்சென்று நீலம். வேலைவெட்டி இல்லாத ஆள் மாதிரி இழுத்து இழுத்துச் சீழ்க்கையடித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஓரடி வைத்திருந்தால் பள்ளத்தில் போயிருப்பேன்.

ஒரு குருவியிடம் ஏமாந்த ஆத்திரம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஓடையை ஒட்டியே இறங்கினேன். பாதி வழியில், புதருக்குள்ளிருந்து மறுபடியும் சீழ்க்கை. இந்தத் தடவை விட்டு விட்டு, மூச்சு வாங்குவதுபோல் வந்தது. போ சனியனே என்று நடந்தேன்.

அப்போது என் பெயர் கேட்டது.

குரல் கரகரவென்று யாருடையதோ போலிருந்தது. அவர் ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘இன்னாமே’தான். நான் நின்றேன். பிறகு திரும்பிப் பார்க்காமல் மலைக்காரர்களின் குடிசை வரைக்கும் ஓடினேன்.

மறுநாள் காலையில் அவர்கள்தான் அவரை அந்தப் புதரிலிருந்து தூக்கினார்கள். பாறையில் வழுக்கி விழுந்து, தொடை முறிந்து, ராத்திரி முழுக்க ஈரத்தில் கிடந்திருக்கிறார். டோலி கட்டி இறக்கி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காலை எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கண் விழித்தவர், பேர் சொல்லிக் கூப்பிட்டேனே, கேட்கவில்லையா என்றார்.

“காதுல வுழலங்க” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

“நீ நின்ன. அப்பறந்தான் ஓடன. ஒம் பொடவ தெரியற வரிக்கும் பாத்துக்கினுதான் இருந்தேன்” என்றார்.