விஸ்கி ஆலைக்குச் செருப்போடு போனவர்கள்

ஒரகடம் தொழிற்சாலைகளில் இயந்திரம் பொருத்த வரும் கொரியப் பொறியாளர்களுக்கும் அவர்களுடைய மனைவிமாருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் சுற்றிக் காட்டுவது என் வேலை. காலையில் உத்திரமேரூரில் குடவோலைக் கல்வெட்டு உள்ள கோவில். வாலாஜாபாத்தில் சாப்பாடு. அதன் பிறகு ஒரு விஸ்கி ஆலை. இந்த வரிசையை நான் ஒருபோதும் மாற்றியதில்லை. ஸ்பிரிட் வாடை ஏறிய துணியோடு யாரையும் கோவிலுக்குள் அழைத்துப்போக எனக்கு மனம் வராது.

கோவிலுக்குச் செருப்புதான் வசதி, வாசலில் கழற்றிவிடலாம். ஆலைக்குள்ளோ பருத்தி உடையும் கால் மூடிய ஷூவும் இல்லாமல் விடமாட்டார்கள். காற்றிலேயே ஸ்பிரிட் ஆவி நிற்கும் இடம். பாலியஸ்டர் துணி உரசி ஒரு பொறி பறந்தால் போதும். அதனால் சனிக்கிழமை மாலையே எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிடுவேன்: காலில் செருப்பு, பையில் ஷூ, உடம்பில் பருத்தி. சாப்பிட்ட ஓட்டல் வாசலில் அத்தனை பேரும் ஷூ மாற்றிக்கொண்ட பிறகுதான் வேனை எடுக்கச் சொல்வேன்.

அந்த ஆலையின் அனுமதியை வாங்கியது நான். முதல் தடவை போனபோது, வேலை கேட்டு வந்தவள் என்று நினைத்து என்னைக் கேண்டீன் பக்கம் அனுப்பினார்கள். விடாமல் போனேன். கடைசியில் பாதுகாப்பு அதிகாரியே என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு பகுதியாக விளக்கினார். நம் வெயிலுக்குப் பீப்பாயில் இருக்கும் விஸ்கி குளிர்நாடுகளைவிட வேகமாக ஆவியாகிக் குறையும் என்று நான் சொல்லும்போது, கல்வெட்டின் முன்னால் கொட்டாவி விட்டவர்கள்கூட நிமிர்ந்து கேள்வி கேட்பார்கள். பீப்பாய்க் கிடங்கில் கழியும் அந்த நேரத்துக்காகத்தான் வாரம் முழுவதும் காத்திருப்பேன்.

அதைத்தான் வேன் காண்ட்ராக்டர் பிடுங்கினான். என்னை இந்த வேலைக்கு அமர்த்திய தொழிற்சாலையின் நிர்வாக அதிகாரியிடம் போய், "ஒரு பொம்பள சரக்கு ஃபேக்டரில நின்னு பேசிக்கினு இருந்தா கம்பெனி பேரு இன்னா சார் ஆவும்?" என்று கேட்டிருக்கிறான். அதிகாரி தலையாட்டிவிட்டார். சனிக்கிழமை அவனே எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, நாளைலேந்து நீ கோவிலோட எறங்கிக்கோ. ஃபேக்டரிய நான் பாத்துக்கிறேன்."

"அங்க என்ன சொல்லணும்னு தெரியுமா தம்பி?"

"சரக்கப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா? மெசேஜும் நானே போட்டுக்கிறேன். வயசாவுதில்ல, ரெஸ்ட் எடு."

ஷூவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்திருந்தேன். மூடிக்கொண்டேன்.

மறுநாள் டிரைவருக்கு லீவு கொடுத்துவிட்டு அவனே வேனை ஓட்டிவந்தான். பளபளக்கும் பாலியஸ்டர் சட்டை, ரப்பர் செருப்பு. விருந்தினர்கள் ஏறும்போது ஒவ்வொருவர் கையையும் பார்த்தேன். ஷூப் பை ஒன்றுகூட இல்லை. முன்பு ஒருமுறை ஆலைக்கு வந்திருந்த பெண் ஒருத்தி மட்டும் என் தோளைத் தொட்டு, "அக்கா, ஷூ வேண்டாம்?" என்றாள்.

"இன்னிக்கு அவருதான். அவரையே கேளுங்க."

அவன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். "ஷூவா? இந்த வெயிலுக்கா? ஃப்ரீயா வாங்க மேடம்!"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உத்திரமேரூரில் கல்வெட்டை வழக்கம்போல் விளக்கினேன். முடிந்ததும் எல்லோர் முன்னாலும், "அக்கா ட்யூட்டி ஓவர்" என்று கைதட்டினான். விவரம் தெரியாமல் விருந்தினர்களும் கைதட்டினார்கள். வேன் போனது. பேருந்து நிலையத்தில் ஒரு டீ குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

சேரப்பணஞ்சேரியில் வீட்டுக்கு வந்து அரிசி களைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. அடிக்கவிட்டேன். மறுபடி அடித்தபோது கையைத் துடைத்துவிட்டு எடுத்தேன்.

"அக்கா, கேட்டாண்ட நிக்கிறோம். செக்யூரிட்டி உள்ள வுடமாட்டேங்கிறான். செருப்பாம், சட்டையாம், இன்னான்னவோ சொல்றான். வெள்ளக்காரங்கெல்லாம் மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீறாங்க."

"வெள்ளக்காரங்க இல்ல தம்பி, கொரியாக்காரங்க."

"யாரோ! அந்த ஆபீசருக்கு ஒரு போன் போடுக்கா, உன் கால்ல வுழறேன்."

முன்கூட்டிச் சொன்னால் வருகையாளர்களுக்கென்று ஆலையிலேயே ஷூவும் பருத்தி அங்கியும் எடுத்து வைப்பார்கள். அப்போது சொன்னாலும், நான் சொன்னால், கொடுத்திருப்பார்கள். ஆலைப் பாதுகாப்பு அதிகாரியின் எண் என் போனில்தான் இருந்தது.

"நான்தான் கோவிலோட எறங்கிட்டனே தம்பி. ரெஸ்ட் எடுக்கிறேன்."

போனை வைத்துவிட்டு அரிசியை அடுப்பில் ஏற்றினேன். அன்றைக்கு இரண்டு அப்பளம் கூடுதலாகப் பொரித்தேன்.

திங்கட்கிழமை நிர்வாக அதிகாரி கூப்பிட்டார். பொறியாளர்கள் புகார் செய்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு அதே ஆட்களை நானே ஆலைக்கு அழைத்துப்போக முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். ஒரு நிபந்தனை வைத்தேன்: வேனை காண்ட்ராக்டர்தான் ஓட்ட வேண்டும். அவருக்குக் காரணம் விளங்கவில்லை. ஒப்புக்கொண்டார்.

அந்த ஞாயிறு அவன் புது ஷூ போட்டு வந்தான். சட்டையும் பருத்தி. கழுத்துப் பட்டையில் கடைச் சீட்டைக் கிழித்த நூல் தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டல் வாசலில் ஒவ்வொருவருடைய ஷூவையும் அவனைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தான். ஆலை வாசலில் எல்லோரும் இறங்கியதும் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, நானும் ஒரு தபா உள்ள பாத்துட்டு வரட்டா? எல்லாம் கரெக்டா போட்டுக்கினு வந்துகீறேன்."

தலை முதல் கால் வரை பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"வண்டிய யாரு தம்பி பாத்துப்பாங்க?"

வாசலில் ஒரு மரம்கூட இல்லை. தார் சாலை கொதித்துக்கொண்டிருந்தது. அவன் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்துவதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். பீப்பாய்க் கிடங்கு அன்று நல்ல குளிர்ச்சியாக இருந்தது. வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன்.