சிவப்பு ஒயர் கூடை

என் கணவருக்கு மூக்கில் ஆபரேஷன் என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் இருந்தோம். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி, சத்தியவேட்டுப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவள். கடைசிவரை பெயரைக் கேட்கவே இல்லை. வலது இமை கத்தரிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. வெறும் மூக்கடைப்புதானே என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். சைனஸில் கட்டிய சீழ் கண்குழிக்குள் இறங்கிவிட்டது. சீழை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் கண் நரம்பு அழுந்தியிருந்தது.

"நரம்பு கெட்டால் முதலில் சிவப்புதான் வெளுக்கும். சிவப்பு திரும்பினால் பார்வை தங்கும்," என்றார் டாக்டர்.

நர்ஸ் அவ்வப்போது மருந்து பாட்டிலின் சிவப்பு மூடியைக் காட்டித் தெலுங்கில் நிறம் கேட்பாள். அது இவளுக்குப் போதாது. நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்தி, வீங்கிய இமையை விரலால் தூக்கி, என் சிவப்பு ஒயர் கூடையை முறைத்துக்கொண்டே இருப்பாள்.

"இன்னா தெரியுது?" என்பேன்.

"பழைய செங்கல்லு மாதிரி க்கீதுக்கா," என்பாள். பிறகு கூடையைத் திட்டுவாள். அவள் அழுது நான் பார்க்கவில்லை.

ஒரு காலையில் நான் காபியோடு உள்ளே நுழைந்ததும், வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"யக்கா! ராத்திரி கூடைக்கு சாயம் கீயம் ஊத்தினியா? மொளகாப் பழமாட்டம் க்கீது!"

அவள் கை எந்தக் கண்ணைப் பொத்தியிருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன்.

நல்ல கண்ணைத்தான்.