ஏக்டு பேத்தா

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் என் வலியெல்லாம் என் கணவர் வழியாகத்தான் டாக்டரிடம் போகும். எனக்கு பெங்காலி தெரியாது. சிறுவயதை இதே ஊர் டாலிகஞ்சில் கழித்த அவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. லேக் கார்டன்ஸ் வீட்டில் ஒருநாள் வாளியைத் தூக்கியபோது இடுப்பில் பிடித்தது, பத்து நாளாகியும் விடவில்லை.

டாக்டரிடம் விலாவாரியாகச் சொன்னேன். "இடுப்புல சுருக்குன்னு ஆரம்பிச்சு, தொடையில விண்ணுவிண்ணுன்னு தெறிச்சு, கெண்டைக்கால்ல கடுக்குது. ராத்திரி பூரா தூங்கலைன்னு சொல்லுங்க."

அவர் டாக்டரைப் பார்த்து, "ஏக்டு பேத்தா" என்றார்.

"அவ்வளவுதானா?"

"கொஞ்சம் வலின்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்லணும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தந்தியில்கூட இதைவிட நாலு வார்த்தை கூடுதலாக எழுதுவார்கள்.

பத்துக்கு எத்தனை வலி என்று டாக்டர் என்னையே கேட்டார். கேள்வி புரியாமல், "என்ன நோயோ" என்று முனகினேன். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து ஒன்பது என்று எழுதினார். பெங்காலியில் நொய் என்றால் ஒன்பதாம். இவர் பதறிப்போய், அது தமிழ் நோய் என்று விளக்கி, மூன்று போடச் சொன்னார். டாக்டரும் அடித்துவிட்டு மூன்று போட்டார். என் காலுக்கு இவர் மார்க் போடுகிறார்.

பிறகு கண்ணை மூடச் சொன்னார்கள். குண்டூசியால் குத்துவார்கள், தெரிந்தால் தலையாட்ட வேண்டும். தொடையில் குத்தினார், ஆட்டினேன். முழங்காலில் குத்தினார், ஆட்டினேன். அதற்கப்புறம் ஒன்றும் நடக்கவில்லை.

"ஏங்க, மறுபடி எப்போ குத்துவாராம்?"

கண்ணைத் திறந்தேன். ஊசி முனை என் கால் கட்டைவிரல் மேல் இருந்தது. இவர் முகம் வெளுத்திருந்தது.

"நாலு தடவை குத்திட்டாரு" என்றார்.

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. முதுகெலும்பில் தட்டு விலகி நரம்பை அழுத்துகிறதாம். டாக்டர் யாரையும் கேட்காமல் மூன்றை அடித்துவிட்டு மறுபடி ஒன்பது போட்டார். ஆறு வாரம் நான் படுக்கையில், இவர் அடுப்படியில். ரசத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. கால் மெல்லத் தேறியது.

இரண்டு வருடம் கழித்து இவருக்குக் கடைவாய்ப்பல் ஈறு வீங்கியது. அதற்குள் நான் பெங்காலி பழகியிருந்தேன். பல் டாக்டர் எவ்வளவு வலி என்று கேட்டார். வாயைத் திறக்க முடியாத இவர், பத்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டு, விளக்கிச் சொல்லும்படி என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஏக்டு பேத்தா" என்றேன்.