உயிரோடு எடுத்த இழவு போட்டோ

திண்டுக்கல்லில் ஒரு வீட்டு முன்னால் இருதயநாதனின் சைக்கிள் நின்றால், தெருவே குரலைத் தாழ்த்திக்கொள்ளும். அவர் கல்யாணத்துக்குப் போகிற போட்டோகாரர் இல்லை. செத்தவர்களைக் குளிப்பாட்டி, தாடையைத் துணியால் கட்டி, நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்ட பிறகுதான் அவருக்கு ஆள் வரும். சுற்றிலும் சொந்தபந்தத்தை நிறுத்தி எடுப்பார். இருபது வருசமாக இதே வேலை. நாற்காலியில் உட்கார்ந்த ஒருத்தர்கூட இதுவரை, படத்தில் நான் நன்றாக விழவில்லை என்று குறை சொன்னதில்லை.

அந்தப் பெருமையெல்லாம் மகள் செபாஸ்தியம்மாளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே கிடைத்துவிட்டது. 'இழவு செபா' என்றுதான் கூப்பிடுவார்கள். பிளஸ் டூவை ரெண்டாவது முயற்சியில் தாண்டி, 1985-ல் ஊருக்கு வெளியே இருந்த கல்லூரியில் புகைப்படக் கலை டிப்ளமோ சேர்ந்தாள். பன்னிரண்டு பையன்கள், ஒரே பெண். அந்தப் பட்டப்பெயரும் அவளோடு பஸ் ஏறி வந்துவிட்டது.

முதல் நாளே மீரான் என்கிற பையன், "ஏலே, தள்ளி உக்காருங்க. நாற்காலியோட வந்திருக்கப் போகுது" என்றான்.

செபா நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள். "உன் வீட்டு விலாசம் சொல்லு அப்பு. எங்கப்பாகிட்டக் குடுத்து வைக்கிறேன். எப்ப தேவைப்படும்னு யாரு கண்டா?"

"எங்க ஆளுகளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது" என்றான் மீரான், குரல் இறங்கி.

"பழகிக்கிரலாம்" என்றாள்.

பாடம் எடுத்தவர் ராயப்பராஜ் சார். மெட்ராஸில் படித்தவர். டீ குடிக்கப் போனாலும் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போவார். "கலை வேற, தொழில் வேற. சில பேரு வீட்டுல பாத்தத மறந்துட்டு வந்து உக்காரணும்" என்று செபா இருந்த பெஞ்சைப் பார்த்தே சொல்வார். அவருடைய கணக்கில் கலை என்றால், மலைக்கோட்டைக்குப் பின்னால் சூரியன் இறங்க வேண்டும், முன்னால் ஒரு பனைமரம் கறுப்பாக நிற்க வேண்டும். ஆளுக்கொரு பிலிம் சுருள், சுருளுக்குப் பன்னிரண்டு படம். பன்னிரண்டு பையன்களும் அதே பனைமரத்தடிக்குப் போனார்கள். அந்த வருசம் திண்டுக்கல்லில் எந்த மாப்பிள்ளையையும் அத்தனை படம் எடுத்திருக்க மாட்டார்கள்.

கடைசித் தேர்வுக்கு ஒரே ஒரு படம். தலைப்பு, 'மனித முகம்'. நாற்பது மார்க் வாங்கினால் பாஸ். பாஸானால் மதுரையில் ஒரு பத்திரிகை ஆபீசில் இருட்டறை வேலைக்கு எழுதிப்போடலாம். செபாவுக்கு அந்த வேலை வேண்டும். ஆனால் அதைவிட இன்னொன்றும் வேண்டும். அப்பா இருபது வருசமாக எடுப்பதும் படம்தான் என்று அந்தக் கல்லூரியில் ஒருத்தர் வாயாலாவது வர வேண்டும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்து அழுகை வரும், அப்புறம் பட்டப்பெயர் என்னத்துக்கு ஆகும்?

கல்லூரி கேண்டீனில் வடை சுட்டவள் காளியம்மாள். ஐம்பது வயசு, வெற்றிலை போட்டுச் சிவந்த பல், எட்டூருக்குக் கேட்கிற குரல். அவளுக்கு ரெண்டு பையன்கள். மூத்தவன் மலைச்சாமி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரிக்கு வெங்காய மூட்டை ஏற்றுகிறான். இளையவன் பொன்னழகு கொடைரோடு ஸ்டேஷனில் டீ விற்கிறான். ஒன்றுவிட்ட தங்கச்சி கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்துக்காரன் இளையவன் பேரை முன்னால் போட்டுவிட்டான். அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. ஒருத்தன் வந்திருப்பான் என்று இன்னொருத்தன் அம்மா வீட்டுப் பக்கமே வருவதில்லை. மூணு வருசம் ஆகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே காளியம்மாள் சொன்னாள்: "நான் செத்தா ரெண்டு பயலும் ஓடியாந்து பக்கத்துல நிப்பானுக. உங்கப்பனும் வந்து படம் எடுப்பாரு. ஊரே பாக்கும். நான் ஒருத்தி மட்டும் பாக்க மாட்டேன். இது என்னடி நாயம்?"

"அப்ப இப்பவே எடுத்துருவோமா அக்கா?"

"கூப்புட்டா வருவானுகளா?"

"அத நான் பாத்துக்கிறேன்."

அன்றைக்கே செபா ரெண்டு போஸ்ட் கார்டு எழுதினாள். 'அம்மாவைப் போட்டோ எடுக்க ஞாயிறு காலை எட்டு மணிக்கு வருகிறோம். நாற்காலி தயார். உடனே வரவும். இப்படிக்கு, போட்டோகாரர் இருதயநாதன் மகள்.' ஒரு சொல் பொய் கிடையாது. எழுதும்போது பேனா கசிந்து கார்டு மூலையில், சாவுச் சேதிக்குத் தடவுகிற மாதிரியே, கறுப்பு மை பட்டது. அதை அவள் துடைக்கவில்லை. குற்றம் என்றால் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை. மலைச்சாமி வெங்காய லாரியில் தொற்றி வந்து, தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தான். பொன்னழகு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான். ரெண்டு பேர் கையிலும் ஆளுயர மாலை. வாசலில் ஒருத்தனை ஒருத்தன் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்கள்.

"யாருடா அது, காலங்காத்தால ஒப்பாரி வைக்கிறது?" என்று கை நிறைய உளுந்து மாவோடு காளியம்மாள் வெளியே வந்தாள்.

கரண்டில் கை வைத்தவர்கள் மாதிரி ரெண்டு பேரும் விலகினார்கள். மூத்தவன்தான் கேமராவோடு நின்ற செபாவை முதலில் கண்டான். "ஏ பிள்ள! உனக்கு வெளையாட ஒரு வரமொற இல்ல?"

"கார்டுல பொய் இருந்தா காட்டுங்கண்ணே."

அவன் சட்டைப்பைக்குக் கையைக் கொண்டுபோய் நிறுத்தினான். சாவுச் சேதி வந்த கார்டைப் படித்ததும் கிழித்துப்போட வேண்டும். ரெண்டு பேருமே கிழித்துப்போட்டிருந்தார்கள்.

"மாலை வாடுதுல்ல, போடுங்கடா" என்று காளியம்மாள் போய்த் திண்ணைத் தூண் முன்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உசுரோட இருக்கறவளுக்கு இந்த மாலையா ஆத்தா?"

"செத்தப்புறம் போட்டா எனக்கு வாசன தெரியுமா?"

ரெண்டு பேரும் மாலையை எடுத்தார்கள். போட்டார்கள். ஆளுக்கொரு பக்கம், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். கேமராவில் மிச்சம் ஒரே ஒரு படம். மற்ற பதினொன்றையும் செபா சாருக்குப் பயந்து பனைமரத்துக்குப் படையல் போட்டிருந்தாள். காளியம்மாள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அந்த நேரம் மலைச்சாமி குனிந்து அம்மாவின் காலைப் பார்த்தான். செபா அமுக்கிவிட்டாள்.

இருட்டறையில் சிவப்பு பல்பு வெளிச்சத்தில், தட்டுத் தண்ணிக்குள் முதலில் மாலை வந்தது, பிறகு பல் வந்தது, கடைசியில் மலைச்சாமியின் குனிந்த தலை வந்தது. மருந்து நெடி எல்லார் கண்ணையும் கரிக்கும். அன்றைக்குச் செபாவைக் கொஞ்சம் கூடுதலாகவே கரித்தது.

தேர்வு அன்று ராயப்பராஜ் படத்தைத் தூக்கிப் பிடித்தார். "என்ன இது?"

"மனித முகம் சார்."

"இது இழவு வீட்டு போட்டோ."

"ஆமா சார். ஆளு மட்டும் சாகல."

பின்னால் மீரான் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான்.

"இவன் கேமராவையே பாக்கலியே. குனிஞ்சு காலப் பாக்குறான்."

"செத்தவுக கால் பெருவிரலு ரெண்டையும் சேத்துக் கட்டுவாக சார். கட்டியிருக்கான்னு பாக்குறான். ஆத்தா சிரிக்கிறத கண்ணால பாத்தும் அவனுக்கு நம்பிக்கை வரல. அதான் சார் படமே."

சார் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இங்க பாரும்மா. அந்தப் பனைமரத்தடியில ஒரு ஆள நிறுத்தி, சூரியன் எறங்கறப்ப எடுத்துட்டு வா. நாளைக்கு வரைக்கும் டைம் தாறேன். அறுபது மார்க் போடுறேன்" என்றார்.

"முகமே தெரியாதே சார்."

"அதான் கலை."

செபாவுக்கு மதுரை வேலை கண் முன்னால் வந்து போனது. ஆனால் வாய்க்கு அது தெரியவில்லை. "எங்கப்பா எடுத்த படத்த எந்த வீட்டுலயும் தூக்கி எறிஞ்சதில்ல சார். சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்காக. வருசா வருசம் தொடச்சுப் பூ வைக்கிறாக. உங்க பனைமரத்த யாரு வீட்டுல சார் மாட்டியிருக்காக? நான் இதத்தான் வைப்பேன்."

முப்பத்திநாலு மார்க் வந்தது.

மார்க் பட்டியலையும் படத்தையும் ஒன்றாகத்தான் அப்பாவிடம் நீட்டினாள். இருதயநாதன் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். "நாற்காலிய ரெண்டு இஞ்சு தள்ளிப் போட்டிருந்தா தூணு தலையில மொளச்சிருக்காது" என்றார். வெகுநேரம் கழித்து, "இருபது வருசத்துல என்னால ஒருத்தரக்கூடச் சிரிக்க வைக்க முடியல" என்றார்.

படத்தின் இன்னொரு பிரதியைக் காளியம்மாள் கண்ணாடி போட்டு, கேண்டீனில் பாய்லருக்கு மேலே மாட்டிவிட்டாள். ஜூலையில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் மாலையைப் பார்த்துவிட்டு, "பாவம், எப்பத் தவறுனாக?" என்று கேட்பார்கள். "போன வருசம். வடை எத்தன வைக்க?" என்பாள் காளியம்மாள். மகன்கள் தனித்தனியாக வந்து, அபசகுனம், கழற்று என்று சண்டை போட்டார்கள். "கழட்டணும்னா ரெண்டு பேரும் சேந்து வந்து கழட்டுங்கடா" என்றுவிட்டாள். படம் இன்னும் அங்கேதான் இருந்தது. ஆனால் ரெண்டு பேரும் மாசம் ஒரு தடவையாவது சண்டை போட வந்துகொண்டிருந்தார்கள்.

செப்டம்பரில் மறுதேர்வு. செபா அதே படத்தைக் கொண்டுபோனாள், முன்னைவிடப் பெரிதாக. ராயப்பராஜ் அதை முன்னைவிட அதிக நேரம் பார்த்தார். முப்பத்தஞ்சு போட்டார்.

செபா நேராகக் கேண்டீனுக்குப் போய், ஏப்ரல் தேர்வு விண்ணப்பப் பாரத்தைப் பெஞ்சில் வைத்து நிரப்ப ஆரம்பித்தாள்.

"ஒரு மார்க் கூடியிருக்கு அக்கா. இன்னும் அஞ்சு. வருசத்துக்கு ரெண்டு தடவ. ரெண்டர வருசத்துல பாஸாயிருவேன்."

"அது வரைக்கும் நான் உசுரோட இருக்கணுமேடி."

"இருந்துதான் ஆகணும். நீங்க போயிட்டா இதுவும் எங்கப்பா எடுக்கற படம் மாதிரி ஆயிரும். அப்புறம் ஆளு மட்டும் சாகலன்னு நான் எப்படிச் சண்ட போடுறது?"

காளியம்மாள் கேட்காமலே ஒரு வடையைத் தட்டில் வைத்தாள். செபா அதைக் கடித்துக்கொண்டு, பாரத்தில் 'படத்தின் பொருள்' என்ற கட்டத்தில் எண்ணெய்க் கையோடு எழுதினாள்: 'அதே காளியம்மாள்.'