விளக்கணைத்ததும் தூங்கிய சில்லு

சுங் ருவே-சின் பெரிய பேர் எடுத்த இன்ஜினியர் இல்லை. அவரைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை. அதனால் ஆறாவதோடு படிப்பை விட்ட நான் எழுதுகிறேன்.

தைவானில், சின்ச்சு ஊரில் எங்களுடையது சின்னக் கம்பெனி. சில்லு, அதாவது கம்ப்யூட்டர் சிப், வரைவது இன்ஜினியர்கள் வேலை. வெளியே செய்து வரும் மாதிரிகளைப் பலகையில் பற்றவைப்பது என் வேலை. சுங் தம்பி எனக்குப் பக்கத்து மேசை. மியாவ்லி ஊர்ப் பக்கத்து ஹக்கா இனத்து வீட்டுப் பிள்ளை. டப்பாச் சாப்பாட்டில் முட்டையைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பார், யாராவது எடுத்துக்கொண்டால் சிரிப்பார்.

அந்த வருஷம் அவர் கையில் ஒரு யூஎஸ்பி சில்லு. ஸ்கேனருக்குள் உட்கார்ந்து படத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அனுப்புவதில் ஒரு புள்ளி சிந்தவில்லை. மின்சாரத்தையும் அதே வயரில்தான் எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் தூங்கினால் இதுவும் தூங்கவேண்டும், அப்போது ஐந்நூறு மைக்ரோ ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. இதுவோ எழுநூற்று நாற்பது இழுத்தது. மூன்று வாரமாக அப்படியே.

"வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு ஸ்கேனர்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள தூங்க வை. இல்லேன்னா சில்லையும் மூடிடுவோம், நீயும் வேற வேலை பாத்துக்க" என்றார் மேலாளர் கு.

"நானே மூணு வாரமா தூங்கல சார். அது எங்க தூங்கும்?"

வெள்ளிக்கிழமை மதியம் வழக்கம்போலச் சாப்பிட்டதும் எல்லா விளக்கையும் அணைத்தார்கள். எல்லோரும் மேசையில் தலை சாய்த்தார்கள். நானும் என் மேசை விளக்கை அணைத்தேன். அந்த நேரம் நான் தூங்குவதில்லை, எங்கள் கடல் தெய்வம் மாசு தாயாரிடம் பேசுவேன். அன்று தம்பிக்காகப் பேசிக்கொண்டே அவர் சில்லோடு இணைத்திருந்த மீட்டரைப் பார்த்தேன். முந்நூற்று இருபது.

என் விளக்கைப் போட்டேன். எழுநூற்று நாற்பது. அணைத்தேன். முந்நூற்று இருபது.

படித்தவர்கள் விஷயத்தில் மூக்கை நுழைக்கப் பயம். ஆனாலும் தோளைத் தொட்டேன்.

"தம்பி, மன்னிச்சுக்கோங்க. அது தூங்குது."

"யாரு, கு சாரா?"

"உங்க சில்லு."

எழுந்து பார்த்தார். சிரிக்கவில்லை. விளக்கைப் போட்டுவிட்டு, சில்லின் மேல் கையைக் குவித்து மூடினார். எண் இறங்கியது. எடுத்தார், ஏறியது.

"அக்கா! வெயில்ல ஓடுற கால்குலேட்டர் பாத்திருக்கீங்கல்ல? அதே கதை. உள்ள பாக்கணும்னு இந்த மாதிரிக்கு மூடி போடல. வெளிச்சம் பட்டா உள்ளுக்குள்ள கரண்டு ஓடுது. கடைக்குப் போறது கறுப்பு உறைக்குள்ளதான் போகும்."

"என் விளக்குதானே தம்பி மூணு வாரமா உங்களை..."

"விளக்கு உங்களுது. பாக்கறதுக்கு வசதியா இருக்குன்னு இந்தப் பக்கம் இழுத்து வச்சவன் நான்தான்."

ரெண்டு மணிக்கு வந்த ஸ்கேனர் கம்பெனி திரு. வெய், தம்பி கறுப்பு நாடாவை வெட்டி ஒட்டுவதைப் பார்த்து, "என்னப்பா, சில்லுக்குக் கட்டுப் போடறியா?" என்றார்.

"இல்ல சார், திரை போடறேன். தூங்கற புள்ள."

முந்நூற்று இருபது. அரை மணி நேரம் பார்த்தார்கள், அசையவில்லை.

"எங்க டீம் கண்டுபிடிச்சது" என்று ஆரம்பித்தார் மேலாளர்.

"கண்டுபிடிச்சது லான் அக்கா சார்" என்றார் தம்பி. "நான் குறட்டை விட்டுட்டு இருந்தேன்."

திரு. வெய் என் மேசைக்கு வந்து இரண்டு கையாலும் தன் விசிட்டிங் கார்டை நீட்டினார். என் வாழ்நாளில் யாரும் எனக்குக் கார்டு தந்ததில்லை. திருப்பிக் கொடுக்க என்னிடம் கார்டும் இல்லை. ஈயம் பட்ட கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். அந்தச் சில்லை வாங்கிக்கொள்வதாக அன்றே சொல்லிவிட்டுப் போனார். தம்பியின் மேசை அங்கேயே இருந்தது.

கோயிலில் ஒருவருக்காக வேண்டிக்கொள்ளும்போது அவர் பேரும் வீட்டு விலாசமும் சொல்லவேண்டும் இல்லையா. மறுநாள் அவரிடம் விலாசம் கேட்டேன்.

"எதுக்கு அக்கா?"

"தாயார்கிட்டக் குடுக்க."

ஒரு தாளில் கதவு எண்ணோடு எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை என் பேருக்கு முன்னால் அவர் பேரைச் சொன்னேன். இன்றும் அப்படித்தான் சொல்கிறேன்.