நண்டு பொய், நோவு மெய்

ஆசுபத்திரியின் மனநோய் விடுதியில் வேலை பார்த்த அந்தச் சிற்றூழியர் கட்டையான மனிதர். காலையில் நோயாளிகளைக் குளிப்பாட்டியதும், குந்தியிருந்து ஒவ்வொருவருடைய பாதத்தையும் விரல் இடுக்குவரை பார்ப்பார். "காலில சாதகம் பாக்கிறாரு" என்று தாதிமார் சிரிப்பார்கள்.

அங்கே இருந்த என் அண்ணன் வாவியில் தோணி விட்டவர். "கால நண்டு கவ்வுது" என்று கத்திக்கொண்டேயிருந்தார். டொக்டர் காலைப் பார்க்காமலே மனநோய்க் குளிசையின் அளவைக் கூட்டினார். சிற்றூழியர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, நண்டு பொய், நோவு மெய். மண்டையில வருத்தமெண்டா காலிலயும் வராதா? விரல் கறுக்குது. இரத்தத்தில சீனி பாக்கச் சொல்லுங்க. நான் சொன்னா 'உன்ட வேலையப் பாரு' எண்டு ஏசுறாங்க."

"டொக்டருக்குத் தெரியாததா, ஐயா?" என்றேன்.

பத்து நாளில் அண்ணனின் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். சீனி வருத்தமாம்.

"நீங்க சொன்னத நான் கேட்டிருக்கணும்" என்றேன் அவரிடம்.

"நான் சொன்னத விடுங்க. அண்ணன் ஒரு மாசமாச் சொன்னாரு. அவர்ட பேச்ச நாம ஆரு கேட்டம்?" என்றார். முகம் கடுத்திருந்தது.

தன்னையும் சேர்த்து ஏன் ஏசிக்கொண்டார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அண்ணனின் வலியை நம்பிய ஒரே ஆள் அவர்தான். கூடப்பிறந்தவன் நான்.